ஏழாவது வார்டில் கதவு தட்டியவர்: அமெரிக்க சமூகவியலின் ஆரம்ப நாட்கள்

அமெரிக்க சமூகவியலின் ஆரம்பத்தைத் தேடிப் போனால் 1883-ல் போய் நிற்போம். அந்த ஒரே வருடத்தில் இரண்டு புத்தகங்கள் வந்தன. ஒன்று, யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் கிரஹாம் சம்னருடையது. சமூக வர்க்கங்கள் ஒன்றுக்கொன்று என்ன கடன்பட்டிருக்கின்றன என்பதுதான் தலைப்பே. புத்தகம் முழுக்கப் படித்தால் கிடைக்கும் பதில்: பெரிதாக ஒண்ணும் இல்லை. இன்னொன்று, லெஸ்டர் வார்டு என்ற அரசாங்க ஊழியர் எழுதிய 'டைனமிக் சோசியாலஜி'. இரண்டு தடித்த தொகுதிகள். அவருடைய பதில் இதற்கு நேர் எதிர்.

சம்னரின் வாதம் இப்படிப் போகும். 'அ'வும் 'ஆ'வும் உட்கார்ந்து பேசுகிறார்கள். 'ஈ' கஷ்டப்படுகிறான், அவனுக்கு ஏதாவது செய்தாகணும் என்று முடிவெடுக்கிறார்கள். செலவை யார் தலையில் கட்டுவது? 'இ' தலையில். அந்த 'இ'யை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவன் பாட்டுக்கு வேலைக்குப் போய், வரி கட்டி, குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். இவனைத்தான் சம்னர் 'மறக்கப்பட்ட மனிதன்' என்றார். (1932 தேர்தல் பிரசாரத்தில் ரூஸ்வெல்ட் இதே சொல்லை எடுத்து, அடித்தட்டில் கிடக்கும் ஏழைக்குச் சூட்டிவிட்டார். சம்னர் இருந்திருந்தால் கொதித்திருப்பார்.) சமுதாயம் தானாக வளரும், அதில் கை வைத்தால் கெட்டுப்போகும் என்பது அவர் கட்சி. பணக்காரர்களின் வக்கீல் என்று அவரை ஒதுக்குவது சுலபம். ஆனால் அமெரிக்க முதலாளிகளுக்குப் பிடித்தமான பாதுகாப்புச் சுங்கவரியையும் அவர் எதிர்த்தார், 1898-ல் ஸ்பெயினோடு நடந்த போரையும் எதிர்த்தார். கொள்கையில் ஆள் கெட்டி.

வார்டு ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் சிப்பாயாகப் போய்க் காயம்பட்டவர். பிறகு அரசாங்க குமாஸ்தா, அதற்கும் பிறகு தாவரப் புதைபடிவங்களை ஆராயும் நிபுணர். செடிகொடிகளை அறிந்தவர் என்பதால் அவருடைய உதாரணமும் அங்கிருந்தே வருகிறது. இயற்கை ஒரு ஊதாரி. ஆயிரம் விதை போட்டால்தான் ஒரு மரம் வருகிறது. எந்த விவசாயியாவது அதை அப்படியே விட்டுவிட்டுச் சும்மா இருக்கிறானா? களை எடுக்கிறான், தண்ணீர் பாய்ச்சுகிறான். சமுதாயத்தில் மட்டும் ஏன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கணும் என்று கேட்டார். எல்லாருக்கும் கல்வி கொடு, மீதி தானாக வரும் என்பது அவர் நம்பிக்கை. 1905-ல் அமெரிக்க சமூகவியல் சங்கம் தொடங்கியபோது முதல் தலைவர் அவர்தான்.

இரண்டு பேருமே பெரிய மூளைகள். ஆனால் இரண்டு பேரும் செய்தது வாதம். சமுதாயத்தில் கை வைக்கலாமா கூடாதா என்று சண்டை போட்டார்களே தவிர, ஒரு தெருவை எடுத்துக்கொண்டு அங்கே எத்தனை பேர், என்ன சம்பளம், என்ன வாடகை என்று எண்ணிப் பார்க்கவில்லை. 

அந்த வேலையை முதலில் செய்தவர்கள் பேராசிரியர்களே இல்லை. சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில், குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில், ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் 1889-ல் 'ஹல் ஹவுஸ்' என்ற இல்லத்தைத் தொடங்கினார்கள். அங்கே தங்கியிருந்த ஃபுளோரன்ஸ் கெல்லியும் மற்ற பெண்களும் வீடு வீடாகப் போய், எந்த வீட்டில் எந்த நாட்டுக்காரர், வாரச் சம்பளம் எவ்வளவு என்று எழுதி, வண்ண வண்ண வரைபடங்களாகப் போட்டார்கள். 1895-ல் அது புத்தகமாக வந்தது. அதே ஊரில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறை, ஆல்பியன் ஸ்மால் தலைமையில் 1892 முதல் இயங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் செய்தது 'சமூக சேவை', ஆண்கள் செய்தது 'சமூகவியல்' என்று பிற்பாடு பிரித்துவிட்டார்கள். ஜேன் ஆடம்ஸுக்கு 1931-ல் அமைதிக்கான நோபல் பரிசே கிடைத்தது. சமூகவியல் பாடப்புத்தகத்தில் இடம் கிடைக்கத்தான் ரொம்ப நாளானது.

இந்த வரைபடங்களைக் கவனமாகப் பார்த்த இளைஞர் ஒருவர் உண்டு. டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். (பிரெஞ்சுப் பெயர்தான், ஆனால் அவரே 'பாய்ஸ்' என்றுதான் உச்சரிக்கணும் என்று வலியுறுத்தினார்.) 1868-ல் மாசசூசெட்ஸில் பிறந்த கறுப்பினத்தவர். பெர்லினில் இரண்டு வருடம் குஸ்டாவ் ஷ்மோலரிடம் படித்தவர். முதலில் தகவலைச் சேர், அப்புறம் கோட்பாடு பேசு என்பது ஷ்மோலரின் பள்ளி. 1895-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம். அந்தப் பட்டத்தை அங்கே வாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

1896-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டது. வருடத்துக்கு 900 டாலர். 'உதவியாளர்' என்று ஒரு பதவி. பாடம் நடத்த வகுப்பு கிடையாது, பல்கலைக்கழகக் கையேட்டில் பெயரும் கிடையாது. பிலடெல்பியாவின் ஏழாவது வார்டில் வாழும் கறுப்பின மக்களை ஆராயணும், அவ்வளவுதான் வேலை. ஏன் இந்த ஆராய்ச்சி? நகரம் கெட்டுச் சீரழிவதற்குக் கறுப்பர்களின் குற்றங்களும் விலைபோகும் ஓட்டும்தான் காரணம் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் ஏற்கனவே முடிவு கட்டியிருந்தார்கள். அதை ஒரு படித்தவர் வாயால் உறுதிப்படுத்தணும். டு பாய்ஸுக்கும் இது தெரிந்தே இருந்தது. பின்னாளில் சுயசரிதையில் அதை எழுதியிருக்கிறார். தெரிந்தும் போனார்.

கல்யாணமாகி மூன்றே மாதமான மனைவி நைனாவோடு அந்த வார்டின் மோசமான மூலையில், ஒரு உணவகத்துக்கு மேலே ஒற்றை அறையில் குடியேறினார். ஆறு வகைப் படிவங்கள் தயாரித்தார்: குடும்பத்துக்கு ஒன்று, தனி ஆளுக்கு ஒன்று, வீட்டுக்கு, தெருவுக்கு, சங்கம், சர்ச் போன்ற நிறுவனங்களுக்கு, வீட்டு வேலைக்காரர்களுக்கு என்று தனித்தனியாக. ஒரு டேட்டாபேஸ் வடிவமைப்பவர் கண்ணால் பார்த்தால் இது அட்டகாசமான வேலை. ஆளையும் குடும்பத்தையும் வீட்டையும் ஒரே அட்டவணையில் போட்டுக் குழப்பாமல், தனித்தனியாக எடுத்துப் பிறகு இணைக்கிறார். காகிதத்தில், 1896-ல், ஒற்றை ஆளாக! ஏறக்குறைய 2,500 குடும்பங்கள், 9,675 மனிதர்கள். பெரும்பாலான கதவுகளைத் தட்டியது அவர் கைதான். வீட்டுவேலை செய்பவர்களைப் பற்றிய பகுதியை மட்டும் இசபெல் ஈட்டன் தனியாக ஆராய்ந்து எழுதினார்.

1899-ல் வந்த 'தி பிலடெல்பியா நீக்ரோ' புத்தகத்தில் ஒரு கணக்கு: 2,441 குடும்பங்களில் குளியலறையும் கழிப்பறையும் கிடைத்தது 334 குடும்பங்களுக்கு. 13.7 சதவீதம். பக்கத்திலேயே வாடகைக் கணக்கு வருகிறது. வருமானத்தோடு ஒப்பிட்டால் தாங்க முடியாத வாடகை. அதைக் கட்ட வெளியாட்களை வீட்டுக்குள் குடிவைக்கிறார்கள். அதனால் இன்னும் நெரிசல். வேலைக்குப் பக்கத்திலேயே இருந்தாகணும் என்பதால் தூரத்தில் மலிவான வீட்டுக்கும் போக முடியாது. 'இவங்க பழக்கமே இப்படித்தான்' என்று பிறர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வரவு செலவு இருந்தது.

இன்னொரு இடம். பி.இ. படித்த எவனையும் அது சும்மா விடாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலேயே மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்த ஒரு கறுப்பின இளைஞர், விளம்பரம் பார்த்து விண்ணப்பித்து, நல்ல மதிப்பெண்ணுக்காக வேலை கிடைத்துச் சேர்கிறார். சில மணி நேரத்தில் கறுப்பர் என்று தெரிந்து வெளியே அனுப்பிவிடுகிறார்கள். டு பாய்ஸ் அவரைப் பார்க்கும்போது அவர் யுனிவர்சிட்டி கிளப்பில் வெயிட்டர். கூடப் படித்த வெள்ளைக்காரர்கள் அங்கேதான் சாப்பிட வருவார்கள். டு பாய்ஸ் இதற்கு அழவோ கோபப்படவோ இல்லை. வேலைவாய்ப்பு பற்றிய அத்தியாயத்தில், வரிசையாக வரும் பல உதாரணங்களில் ஒன்றாகப் பதிவு செய்துவிட்டு அடுத்ததற்குப் போகிறார்.

இதெல்லாம் வெறும் ஏட்டுச் சண்டையா என்றால், இல்லை. அதே காலத்தில் ஃபிரெடரிக் ஹாஃப்மன் என்பவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்க்கணும். ஜெர்மனியிலிருந்து குடியேறியவர், புருடென்ஷியல் இன்சூரன்ஸ் கம்பெனியின் புள்ளிவிவர நிபுணர். அந்தக் கம்பெனி 1881-லேயே, கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமாகப் பிரீமியம் கட்டினாலும் இறந்தால் கொடுக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டது. பாரபட்சம் கூடாது என்று சில மாநிலங்கள் சட்டம் போட ஆரம்பித்தன. 1896-ல் ஹாஃப்மனின் புத்தகம் வந்தது, பக்கம் பக்கமாக அட்டவணைகளோடு. கறுப்பினத்தவர் அதிகமாக இறப்பதற்குக் காரணம் அவர்கள் வாழும் சூழ்நிலை அல்ல, இனத்தின் இயல்பு; இந்த இனம் மெல்ல அழிந்துபோகும் என்பது முடிவு. வெளியிட்டது அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம். மேலுக்குப் பார்த்தால் சுத்தமான அறிவியல்.

அடுத்த வருடமே டு பாய்ஸ் இதற்கு மதிப்புரை எழுதினார். ஐரோப்பாவின் பெரிய நகரங்கள் சிலவற்றில் வெள்ளையர்களின் இறப்பு விகிதமும் இதே அளவு இருந்ததை எடுத்துக் காட்டினார். அப்படியானால் அவர்களும் அழியப்போகும் இனமா? ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பித்த கெல்லி மில்லர் வேறு பக்கத்திலிருந்து வந்து, ஹாஃப்மன் நம்பிய மக்கள்தொகைக் கணக்கையே சோதித்தார். பிலடெல்பியா புத்தகத்தில் டு பாய்ஸ் இதை இன்னும் நெருக்கிக் காட்டுகிறார். ஒரே நகரம், ஒரே இனம், ஆனால் வார்டுக்கு வார்டு இறப்பு விகிதம் மாறுகிறது. சாக்கடையும் குப்பையுமான ஐந்தாவது வார்டில் உச்சம்; நல்ல வீடுகளும் சுத்தமான தெருக்களும் உள்ள முப்பதாவது வார்டில் அதில் பாதிகூட இல்லை. சாவுக்கு இனம்தான் காரணம் என்றால் தெரு மாறினால் எண் ஏன் மாறணும்? இன்றைக்கு மாறிகளைக் கட்டுப்படுத்திப் பார்ப்பது என்று சொல்கிறோமே, அதேதான்.

ஹாஃப்மன் முட்டாள் இல்லை, அதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பிற்பாடு தூசு நிறைந்த தொழில்களில் காசநோய்ச் சாவு ஏன் அதிகம் என்று அவர் செய்த ஆய்வு இன்றைக்கும் மதிக்கப்படுகிறது. கல் உடைக்கிற, உலோகம் தீட்டுகிற தொழிலாளி செத்தால் தூசைத் தேடிப் போனார். கறுப்பினத்தவர் செத்தபோது மட்டும் காரணம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது என்று முடித்துக்கொண்டார்.

1897-ல் டு பாய்ஸ் அட்லாண்டா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவர் போட்ட திட்டத்தைக் கேட்டால் தலை சுற்றும். பத்துத் தலைப்புகள், வருடத்துக்கு ஒன்று. பத்து வருடம் முடிந்ததும் முதல் தலைப்பை மறுபடி எடுத்து, என்ன மாறியிருக்கிறது என்று பார்க்கணும். இப்படியே நூறு வருடம்! கையில் பணம் கிடையாது. பழைய மாணவர்களும் ஊர் ஊராக இருந்த ஆசிரியர்களும்தான் தகவல் சேகரிப்பவர்கள். 1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக அவரும் மாணவர்களும் கையால் வரைந்து வண்ணம் தீட்டிய அறுபது சொச்சம் வரைபடங்களை இணையத்தில் இன்றைக்கும் பார்க்கலாம், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ஏற்றியிருக்கிறது. பட்டையான சிவப்புக் கோடு சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு படம் உண்டு. கிராமத்தில் இருந்தவர்கள் அத்தனை பேர். கோடு காகிதத்தில் அடங்காததால் சுருட்டியிருக்கிறார். தங்கப் பதக்கம் கிடைத்தது. அவர் பாரிஸுக்குப் போனது கப்பலின் மலிவு வகுப்பில்.

அவருடைய அடிப்படை நம்பிக்கை ஒன்றுதான். இனவெறிக்குக் காரணம் அறியாமை; உண்மையை எண்ணி எடுத்து வைத்தால் உலகம் திருந்தும். வார்டின் நம்பிக்கையும் சம்னரின் கறார்த்தனமும் சேர்ந்த மாதிரி ஒரு நம்பிக்கை. அதற்கு முதல் அடி ஏப்ரல் 1899-ல் விழுந்தது. ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி தன் முதலாளியைக் கொன்றதாகச் செய்தி. டு பாய்ஸ் நிதானமாக ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு செய்தித்தாள் அலுவலகத்துக்கு நடந்து போகிறார். பாதி வழியில் சேதி வருகிறது: கும்பல் அவனை எரித்துக் கொன்றுவிட்டது, விரல் மூட்டு எலும்புகள் அதே தெருவில், சற்றுத் தள்ளி ஒரு மளிகைக் கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. கடிதத்தோடு திரும்பி வந்துவிட்டார். ஆட்களை எரித்துக்கொண்டிருக்கும் ஊரில் அமைதியான, ஒதுங்கி நிற்கும் விஞ்ஞானியாக இருக்க முடியாது என்று பின்னாளில் எழுதினார். அடுத்த மாதம் அவருடைய சின்ன மகன் டிப்தீரியாவில் இறந்தான்.

இரண்டாவது அடி சத்தமில்லாமல் விழுந்தது. 1906-ல் அமெரிக்க அரசின் தொழிலாளர் துறைக்காக அலபாமாவின் லவுண்ட்ஸ் கவுண்டியில் ஒரு பெரிய ஆய்வு செய்தார். கறுப்பினக் குத்தகை விவசாயிகள், நிலம் யார் கையில், கடன் எவ்வளவு, ஓட்டு உண்டா இல்லையா என்று எல்லாம். அவருடைய ஆய்வுகளிலேயே சிறந்தது என்று அவரே நினைத்தது அது. அரசு வெளியிடவில்லை. அரசியல் விஷயங்களைத் தொடுகிறது என்றார்கள். பிறகு கையெழுத்துப் பிரதியைக் கேட்டபோது அழித்துவிட்டோம் என்று பதில் வந்தது.

1910-ல் அவர் அட்லாண்டாவை விட்டு நியூயார்க் போனார். கறுப்பினத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் 'தி கிரைசிஸ்' பத்திரிகைக்கு ஆசிரியர். நூறு வருடத் திட்டம் கொஞ்ச காலத்தில் நின்றுபோனது.

காலி இடம் காலியாகவே இருக்காது இல்லையா? 1914-ல் ராபர்ட் பார்க் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பழைய பத்திரிகைக்காரர், அதற்கு முன் பல வருடம் புக்கர் டி. வாஷிங்டனுக்கு எழுத்து உதவியாளர். வாஷிங்டனுக்கும் டு பாய்ஸுக்கும் ஏழாம் பொருத்தம் என்பது ஊரறிந்தது. பார்க்கும் எர்னஸ்ட் பர்கஸும் நகரத்தை ஒரு சோதனைக்கூடம்போல் பார்க்கணும் என்றார்கள். மாணவர்களைத் தெருவுக்கு அனுப்பினார்கள். 1921-ல் அவர்கள் எழுதிய பாடநூல் ஒரு தலைமுறைக்கு வேதம். இரண்டு இனங்கள் சந்தித்தால் போட்டி, மோதல், பிறகு விட்டுக்கொடுத்தல், கடைசியில் கலந்துவிடுதல் என்று படிப்படியாகப் போகும் என்பது பார்க்கின் கோட்பாடு. எனக்கு இதில் இடிப்பது, இந்தப் படிக்கட்டில் சட்டம் இல்லை, வாடகை இல்லை, இன்சூரன்ஸ் கம்பெனி இல்லை. காலம் மட்டும்தான் வேலை செய்கிறது. அதோடு கறுப்பினத்தவரின் மனோபாவமே கலைநயமும் மென்மையும் கொண்டது, பெண்மைக்குரியது என்று 1918-ல் எழுதவும் செய்தார். ஏழாவது வார்டின் அட்டவணைகள் வந்து பத்தொன்பது வருடம் ஆன பிறகு.

ஆனாலும் பார்க்கை வில்லனாக்கக் கூடாது. சார்ல்ஸ் ஜான்சனும் ஃபிராங்க்ளின் ஃபிரேஸியரும் அவருடைய கறுப்பின மாணவர்கள். ஃபிரேஸியர் 1948-ல் அமெரிக்க சமூகவியல் சங்கத்துக்கே தலைவரானார். அதேபோல டு பாய்ஸும் கோயில் சிலை இல்லை. பிலடெல்பியா புத்தகத்தில் அடிமட்டத்து மக்களைப் பற்றிப் பேசும்போது ஒரு பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் தொனி வரும். ஒழுக்கம், சிக்கனம், திருமணம் என்று உபதேசம். படித்த பத்து சதவீதம் மேலே வந்து மற்றவர்களைத் தூக்கிவிடும் என்று அந்தக் காலத்தில் நம்பினார். பிற்பாடு அவரே அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டார்.

அமெரிக்கத் துறைகள் அவரைக் கண்டுகொள்ளாதபோது வெளியே இருந்தவர்கள் படித்தார்கள். 1904-ல் அமெரிக்கா வந்த மாக்ஸ் வெபர் அவரைச் சந்தித்து, தன் ஜெர்மன் ஆய்விதழுக்குக் கட்டுரை கேட்டு வாங்கி 1906-ல் வெளியிட்டார். 1946-ல் அம்பேத்கர் அவருக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஐக்கிய நாடுகள் சபைக்கு மனு கொடுத்ததாகப் படித்தேன், தீண்டத்தகாதோரும் அந்த வழியில் போக யோசிக்கிறோம், மனுவின் பிரதி கிடைக்குமா என்று கேட்டு. அனுப்புவதாக டு பாய்ஸ் பதில் எழுதினார். இரண்டு கடிதங்களும் பத்திரமாக இருக்கின்றன.

ஆகஸ்ட் 27, 1963-ல், 95 வயதில், கானாவின் அக்ராவில் இறந்தார். மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய வாஷிங்டன் பேரணி நடந்தது மறுநாள். சமூகவியல் துறை அவரைத் திரும்பிப் பார்க்க இன்னும் பல வருடங்கள் ஆயின. விஞ்ஞானபூர்வமான அமெரிக்க சமூகவியலின் முதல் பள்ளி சிகாகோ அல்ல, அட்லாண்டாதான் என்று ஆல்டன் மாரிஸ் 2015-ல் 'தி ஸ்காலர் டினைடு' என்று ஒரு புத்தகமே எழுதினார். அது கொஞ்சம் அதிகப்படி என்று சொல்பவர்களும் உண்டு. ஹல் ஹவுஸ் பெண்களை வைத்துப் பார்த்தால் எனக்கும் 'முதல்' என்ற சொல்லில் தயக்கம் இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகம், 1896-ல் கையேட்டில் பெயர்கூடப் போடாத அதே பல்கலைக்கழகம், 2012-ல் அவரை மறைவுக்குப் பிந்தைய கௌரவப் பேராசிரியராக அறிவித்தது.

லவுண்ட்ஸ் கவுண்டி அறிக்கை மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. அங்கே பார்த்த பருத்தி வயல்களையும் கடன் கணக்குகளையும் அவர் 1911-ல் ஒரு நாவலாக எழுதினார். அந்த நாவல் இருக்கிறது.